மருந்தும் மத்தாப்பும்

வாணத்துக்குள்ளும் வேட்டுக்குள்ளும் அடைக்கப்படும் கரிய துகளுக்குத் தமிழர் இட்ட பெயர் மருந்து. வெடிமருந்து என அடைகொடுத்து எழுதுவது ஏட்டு வழக்கு. வாணம் கட்டுவோரும் வேட்டுப் போடுவோரும் வெறுமனே மருந்து என்றே சொல்வர். மருந்து ஈரம் பட்டுவிட்டது என்பார்கள். மருந்து போதாது என்பார்கள். நோய் தீர்க்கும் பொருளுக்குரிய பெயர், கையைக் கருக்கும் ஒரு பொருளோடு எப்படி வந்து ஒட்டியது?

இதைத் தமிழரின் விந்தையான வழக்கு என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. சீன மொழியில் இப்பொருளின் பெயர் 'ஹுவோ யாவ்'. நேர்ப்பொருள், தீ மருந்து. மம்லூக்குகளின் ஆட்சிக் காலத்தில் அரபியில் எழுதப்பட்ட படைக்கலை ஏடுகள், பீரங்கிக் குழாயில் இடும் கலவையை 'தவா' எனக் குறிக்கின்றன. மருத்துவர் தரும் மருந்துக்கும் அரபியில் அதே சொல்தான். பாரசீக மொழியில் மருந்தைச் சுட்டும் 'தாரூ' என்னும் சொல், இந்துஸ்தானியில் வெடிமருந்துக்கும் வழங்கிற்று. கடல் கடந்து மலாய் நாட்டுக்குப் போனால் அங்கே 'உபாத் பெடில்' என்கிறார்கள். உபாத் என்றால் மருந்து. பெடில் என்றால் துப்பாக்கி. இந்தப் பெடில் நம் 'வெடி'யின் திரிபு எனக் கருதுவோரும் உளர். சீனம், அரபு, இந்துஸ்தானி, தமிழ், மலாய் என ஐந்து மொழிகள் ஒரே உவமையில் வந்து கூடுவது தற்செயல் என எனக்குத் தோன்றவில்லை. பொருள் நடந்து வந்த பாதையைப் பெயரும் நடந்து வந்திருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கு என்னைத் தூண்டியது ஏடு அன்று. நாகூர்க் கந்தூரியில் ஓரிரவு, சில்லடிப் பக்கத்து மணலில் குடும்பத்தோடு அமர்ந்து வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். உம்மா முக்காட்டின் மேலாகக் காதைப் பொத்திக்கொண்டு, ஆனால் கண்ணை மட்டும் மூடாமல், ஒவ்வொரு வாணத்துக்கும் 'யா அல்லாஹ்' சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வயதுள்ள என் இளைய மகளுக்கு அச்சமே இல்லை. அவளுக்குக் கேள்விகள்தாம் உண்டு. வெளிச்சம் முதலிலும் ஓசை பிறகும் வருவது ஏன் என்று கேட்டாள். ஓசை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 நொடி எடுக்கும், ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை என்றேன். அடுத்துச் சென்ற வாணம் பாதியில் அணைந்து விழ, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், 'மருந்து சரியில்லை' என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "மருந்துன்னா யாருக்கு வாப்பா சொகமில்லே?" என்றாள். அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே விரித்து எழுதுகிறேன்.

விடை சீனத்தில் தொடங்குகிறது. தாங் மன்னர்களின் காலத்தில், தாவோ நெறியைச் சார்ந்த இரசவாதிகள் சாவை வெல்லும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தனர். கந்தகம், இதளியம், மனோசிலை, வெடியுப்பு ஆகியவை அவர்களுடைய அஞ்சறைப் பெட்டியில் இருந்தன. கி.பி. 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓர் இரசவாத ஏட்டில் விசித்திரமான எச்சரிக்கை ஒன்று காணப்படுகிறது. கந்தகத்தையும் மனோசிலையையும் வெடியுப்போடும் தேனோடும் சேர்த்துச் சிலர் சூடாக்கினர். புகையும் தீயும் எழுந்து அவர்களுடைய கையும் முகமும் வெந்தன, வீடும் எரிந்து போயிற்று என்பது அதன் கருத்து. வெடிமருந்தைப் பற்றி மனிதன் எழுதிவைத்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்று இது. இதில் வெற்றி முழக்கம் இல்லை. ஒரு விபத்தின் செய்தி இருக்கிறது. நெடுவாழ்வு தரும் மருந்தைக் கூட்டப்போனவர்களின் கையில் பிறந்த பொருளுக்கு மருந்து என்ற பெயர் நிலைத்ததில் வியப்பில்லை. 1044ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட 'வுஜிங் சோங்யாவ்' என்னும் போர்க்கலை நூலில் இக்கலவைக்கான செய்முறைகள் அளவுகளுடன் இடம்பெற்றுவிட்டன.

சீனர் இதை வேடிக்கைக்கும் பயன்படுத்தினர். சோங் பேரரசர் லீசோங் (1224-1264) தம் அன்னையின் சிறப்புக்காக நடத்திய விருந்தில், 'நில எலி' என்னும் பெயருடைய வாணம் தரையில் சுழன்று சீறி ஓடி அந்த அம்மையாரை நடுங்கவைத்தது என்ற செய்தி சீன ஏட்டில் உண்டு. இந்த எலியை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிறகு வேறொரு நாட்டில் அதை மறுபடி சந்திக்கப்போகிறோம்.

சீனத்திலிருந்து மேற்கே முதலில் போனது வெடியுப்புதான் எனலாம். அரபு மருத்துவர்களின் கைக்கு அது மருந்துப் பண்டமாகவே வந்து சேர்ந்தது. அந்தலுஸின் மாலகாவில் பிறந்து, ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார், 1400 தலைப்புகளில் மருந்துச் சரக்குகளைப் பற்றித் தொகுத்த பெருநூலில் இதனைக் குறிக்கிறார். எகிப்தின் பழைய மருத்துவர்கள் இதைச் சீனத்துப் பனி என்று பொருள்படும் 'தல்ஜுஸ் ஸீன்' என அழைத்தனர் என்றும், மஃரிபு நாட்டார் 'பாரூத்' என்கின்றனர் என்றும் அவர் எழுதுகிறார். வெள்ளைப் பளிங்குப் பொடியைப் பனிக்கு ஒப்பிட்ட அந்தப் பழைய மருத்துவரின் கண்ணை மெச்சத்தான் வேண்டும். பாரசீகர் இதையே 'நமகே சீனீ', அதாவது சீனத்து உப்பு, என்றனர். நாடு தோறும் பெயர் மாறினாலும் ஊர்ப்பெயர் மட்டும் விட்டுப்போகவில்லை. இலங்கைத் தமிழர் இன்றும் சிறு பட்டாசைச் 'சீனவெடி' என்கிறார்களே, அதுவும் இந்த வரிசையில் சேர்த்து எண்ணத் தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அரபு வரலாற்று நூல்களில் 'நஃப்த்' என்ற சொல் வருமிடமெல்லாம் வெடிமருந்து எனப் பெயர்த்துவிடுவது தவறு. அப்பாஸியரின் படையில் இருந்த 'நஃப்பாதூன்' எறிந்தது மண்ணெண்ணெயைப் போன்ற நிலத்து எண்ணெய். மம்லூக்குகளின் காலத்தில் அதே சொல் வெடிமருந்தையும் குறிக்கலாயிற்று. பாரூத் என்பதும் முதலில் வெடியுப்பை மட்டும் குறித்துப் பின்னர் கலவை முழுவதற்கும் ஆகி வந்தது. சொல் அப்படியே நிற்கப் பொருள் மட்டும் இடம் மாறிப்போனதை அறியாமல், பழைய போர்களில் எல்லாம் பீரங்கி முழங்கியதாக எழுதியவர்கள் உண்டு. டேவிட் அயலான் என்ற ஆய்வாளர் மம்லூக்குகளின் வெடிமருந்து பற்றி 1956இல் வெளியிட்ட நூல் இந்தச் சொற்குழப்பத்தைப் பொறுமையோடு பிரித்துக் காட்டுகிறது.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று நஜ்முத்தீன் ஹசனுர் ரம்மாஹ் என்பவருடையது. சிரியாவைச் சேர்ந்த இவர் ஹிஜ்ரி 694ஐ ஒட்டி (கி.பி. 1295) மறைந்தார். முதுகு கூனியவராதலின் 'அல்அஹ்தப்' என்றும் அழைக்கப்பட்டார். ரம்மாஹ் என்றால் ஈட்டி வீரர். குதிரையேற்றத்தையும் போர்க் கருவிகளையும் பற்றி இவர் எழுதிய நூலில், வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறை தெளிவாக விளக்கப்படுகிறது: கரைத்துக் காய்ச்சி, விறகுச் சாம்பலைச் சேர்த்து, வேண்டாத உப்புகளை வண்டலாக இறக்கி, தெளிந்த நீரைப் பளிங்காக உறையவிடுவது. சாம்பலிலுள்ள காரம் சுண்ணத்தையும் மக்னீசியத்தையும் பிரித்துவிடுகிறது என இக்கால வேதியியல் காரணம் கூறும். தூய்மை செய்யாத வெடியுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமுத்துப்போகும். நாகூர் மணலில் நாங்கள் பார்த்த வாணம் பாதியில் அணைந்தது எதனால் என்று அறியேன். ஆனால் 700 ஆண்டுகளுக்கு முன்பே ரம்மாஹ் அஞ்சிய குறை இதுதான்.

அவருடைய செய்முறைகளில் வெடியுப்பு பெரும்பாலும் முக்கால் பங்கை ஒட்டி நிற்கிறது. கந்தகமும் கரியும் எஞ்சிய பங்கு. இன்று பாடநூல்களில் காணும் 75, 10, 15 என்ற கணக்கிலிருந்து இது தொலைவில் இல்லை. தாம் சொல்வன தந்தையிடமும் பாட்டன்மாரிடமும் இக்கலையில் தேர்ந்த ஆசான்களிடமும் பெற்றவை என்று நூலின் முகப்பிலேயே குறிக்கப்படுகிறது. இஸ்னாதுக்குப் பழகிய நமக்கு இந்தத் தொடர் புதிதன்று. ஆனால் அந்த ஆசான்களுக்கும் அப்பால் தொடர் எங்கே போய் முடிகிறது என்பதை அவர் கையாளும் பெயர்களே காட்டிக்கொடுக்கின்றன. 'சீன மலர்', 'சீனச் சக்கரம்', சீனத்து அம்பு என்று பொருள்படும் 'சஹ்முல் கிதாயீ' என்பன அப்பெயர்கள். போர் நூல் ஒன்றில் மலருக்கும் சக்கரத்துக்கும் என்ன வேலை? எதிரியைக் கொல்ல மலர் வேண்டியதில்லை. சிலுவைப் போர்களும் மங்கோலியப் படையெடுப்பும் நாட்டை அலைக்கழித்த அந்த நூற்றாண்டிலும், திமிஷ்கிலோ கெய்ரோவிலோ யாரோ சில குடும்பத்தார் மொட்டை மாடியில் கூடித் தீப்பூ பூப்பதைப் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் இதிலிருந்து கொள்கிறேன்.

பாரூத் என்னும் சொல்லைக் குளிர்ச்சியைக் குறிக்கும் 'பர்த்' என்ற வேரோடு இணைத்துப் பார்க்க அரபு கற்றவன் மனம் இயல்பாகவே ஓடும். அகராதி வல்லுநர் இதில் ஒருமித்துச் சொல்லாததால் நான் அதை வற்புறுத்தவில்லை. எனினும் பொருளளவில் வெடியுப்புக்கும் குளிர்ச்சிக்கும் உறவு மெய்யானது. நீரில் கரையும்போது அது நீரின் சூட்டைக் கவர்ந்து குளிரச் செய்கிறது. அக்பரின் அரண்மனையில் குடிநீரை இவ்வாறுதான் குளிர்வித்தனர் என அபுல் ஃபஸ்ல் தம் 'ஆயினே அக்பரி'யில் எழுதுகிறார். வெடிமருந்தில் வெப்பத்தைத் தருகிற அதே பொருள் இங்கே தண்மையைத் தருகிறதே என்ற வியப்பும் அவர் எழுத்தில் தெரிகிறது. நம் நாட்டுச் சித்த மருத்துவரும் வெடியுப்பைக் கைவிடவில்லை. நீரடைப்புக்கு வெடியுப்புச் சுண்ணம் கொடுப்பது அவர்களுடைய முறை. கந்தகத்தைத் தோல் நோய்களுக்குத் தருவர். வெடிமருந்தின் மூன்று பொருள்களுள் கரியை நீக்கினால் மற்ற இரண்டும் வைத்தியர் பெட்டியில் இருந்தவையே. எனவே மருந்து என்னும் பெயரை உவமை என்று கொள்வதினும், பழைய உண்மையின் எச்சம் என்று கொள்வதே பொருந்தும். என் மகளுக்குச் சொன்ன சுருக்கமான விடையும் இதுவே.

வெடியுப்பு இந்த மண்ணில் விளைந்ததும் மறக்கத்தக்கதன்று. கால்நடை கட்டிய இடங்களிலும் பழைய குடியிருப்புகளின் ஓரத்திலும் பூத்துக் கிடக்கும் உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் வடித்து, காய்ச்சி உப்பெடுப்பதைத் தொழிலாகக் கொண்ட உப்பிலியர் தமிழகத்தில் இருந்தனர். பீகாரில் இத்தொழிலைச் செய்தவர்கள் நூனியாக்கள். அவர்கள் காய்ச்சிய வெடியுப்பை ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன. ஐரோப்பாவின் போர்க்களங்களில் முழங்கிய துப்பாக்கிகளில் நம் நாட்டு மாட்டுத்தொழுவத்து மண்ணும் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இனி வேடிக்கை இந்தியாவுக்கு வந்த கதை. 1258இல் ஹுலாகுவின் தூதர் தில்லிக்கு வந்தபோது 3000 வண்டி வாணங்களோடு எதிர்கொண்டு வரவேற்றதாக ஃபிரிஷ்தா எழுதியதைப் பலரும் எடுத்தாள்கின்றனர். ஃபிரிஷ்தா அதனை எழுதியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே மூன்றரை நூற்றாண்டு. அந்த எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஃபிரோஸ் ஷா துக்ளக்கின் (1351-1388) வரலாற்றை எழுதிய ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப், ஷபே பராஅத் இரவுகளில் அரசர் நடத்திய வாணவேடிக்கையைக் குறிப்பிடுவது, காலத்தால் நெருங்கியதாகையால் மேலும் நம்பத்தக்கது.

தென்னகத்துக்கு வந்தால் நல்ல சாட்சி ஒருவர் கிடைக்கிறார். ஹெராத்தின் அரசர் ஷாருக்கின் தூதராகக் கடல் வழியே வந்த அப்துர் ரஸ்ஸாக் சமர்கந்தி, 1443இல் விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயரின் அவையில் இருந்தார். மகாநவமி விழாவைக் கண்டு எழுதியவர், அங்கே காட்டப்பட்ட வாணங்களின் வகைகளை எல்லாம் சொல்லப் புகுந்தால் விரியும் என்று விட்டுவிடுகிறார். நமக்கு இழப்புத்தான், இந்த ஓரிடத்திலாவது அவர் தம் ஏட்டை விரித்திருக்கலாம். ஆயினும் தைமூரின் வழித்தோன்றல்களின் நகரங்களைக் கண்டு வந்த ஒருவர் விஜயநகரத்து வாணங்களைக் கண்டு வியந்தார் என்பதே, 15ஆம் நூற்றாண்டின் நடுவில் இக்கலை தெற்கே எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்குச் சான்று. சுமார் 1520இல் அதே விழாவைக் கண்ட போர்த்துகீசியர் தோமிங்கோ பயஸ், எரிந்துகொண்டே வெடிகளையும் வாணங்களையும் வீசும் கோட்டைகளைச் செய்து காட்டினர் என்கிறார். நம் ஊர்த் திருவிழாக்களில் மூங்கிலில் கட்டி எரிக்கும் வாணக்கோட்டைகளின் முன்னோர் இவை போலும்.

அதே காலத்தில், ஒரிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திர தேவர் (1497-1540) பெயரால் வழங்கும் 'கௌதுக சிந்தாமணி' என்னும் வடமொழி நூலில் வாணங்கள் செய்யும் முறைகள் உள்ளன. பி.கே. கோடே என்னும் அறிஞர் 1953இல் வெளியிட்ட இந்திய வாணவேடிக்கை வரலாற்றில் இவற்றை எடுத்துக்காட்டியுள்ளார். வெடியுப்பு, கந்தகம், கரி, இரும்புப் பொடி, மூங்கிற்குழல் என்று பொருள்களின் பட்டியல் செல்கிறது. வாணப் பெயர்கள் அழகியவை: கற்பகவிருட்ச பாணம், சாமர பாணம், சம்பக பாணம், சந்திரஜோதி. இவற்றோடு சுச்சுந்தரி என்று ஒன்று. சுச்சுந்தரி என்றால் மூஞ்சூறு! சீனப் பேரரசரின் அன்னையை அச்சுறுத்திய அந்த நில எலி, ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் நடந்து ஒரிசாவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தரையில் தாறுமாறாக ஓடுவதைக் கண்ட எவரும் எலி என்றுதான் சொல்லுவார் என வாதிடலாம். அதுவும் உண்டு. ஆனால் மலரும் சக்கரமும் அம்பும் சேர்ந்தே வந்திருக்கும்போது எலி மட்டும் தனியே பிறந்தது என்று கொள்ள எனக்கு மனமில்லை.

அம்பு என்றேன். பறக்கும் வாணத்தைச் சீனர் 'தீயம்பு' என்றனர். அரபியர் 'சஹ்ம்' என்றனர். வடமொழியார் 'பாண' என்றனர். இந்த பாணமே தமிழில் வாணமாகிச் சீறுவாணம், பூவாணம், சக்கரவாணம் எனக் கிளைத்தது. மத்தாப்பின் கதை இன்னும் இனியது. பாரசீகத்தில் 'மஹ்தாப்' என்றால் நிலவொளி. வெண்சுடராக எரியும் வாணம் 'மஹ்தாபீ' எனப்பட்டு, தக்காணத்து வழியே நம்மிடம் வந்து மத்தாப்பு ஆயிற்று. வடமொழி நூலின் சந்திரஜோதியும் அதே நிலவொளிதான். ஒன்று மற்றதன் மொழிபெயர்ப்பா, இருவரும் ஒரே நிலவைக் கண்டார்களா என்பதை அறிஞர்கள் தீர்க்கட்டும். தமிழரோ நிலவை மறந்து, சொல்லின் கடைசி எழுத்தை நீட்டி 'மத்தாப்பூ' என்று அதைப் பூவாக்கிவிட்டனர். இலக்கண ஆசிரியர் இதைப் பிழை என்பார். நான் என் மாணவர்களின் ஏட்டில் திருத்துவதில்லை.

போரில் வாணத்தின் வேலையை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் காட்டினர். மூங்கிலுக்கும் தாளுக்கும் பதிலாக இரும்புக் குழலில் மருந்தை அடைத்ததனால் மைசூர் வாணங்கள் தொலைவு சென்றன. 1780 செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படை அடைந்த தோல்வியில் அவற்றுக்குப் பங்குண்டு. அவற்றைக் கண்ட பிறகே இங்கிலாந்தில் காங்கிரீவின் வாணங்கள் உருவாயின. இது பலரும் எழுதிய செய்தி, மேலே செல்வோம்.

வாணத்தில் பணத்தை எரிக்கலாமா என்ற கேள்வி நம் சமுதாயத்தில் பழையது. தில்லி ஷைகு அப்துல் ஹக் முஹத்திஸ் (ஹிஜ்ரி 1052, கி.பி. 1642இல் மறைந்தவர்), ஆண்டின் சிறப்பு நாட்களைப் பற்றிய தம் அரபு நூலில், ஷபே பராஅத்தில் விளக்குகளை வரிசையிட்டுக் கந்தகத்தைக் கொளுத்தி விளையாடும் இந்திய வழக்கத்தைக் கடிந்து எழுதினார். நம் ஊர்க் கந்தூரிகளைப் பற்றியும் உலமாக்கள் அவ்வாறே சொல்லி வந்திருக்கின்றனர். மதரஸாவில் ஓதியவன் என்ற முறையில் அந்தக் கண்டனத்தின் நியாயத்தை நான் அறிவேன். வீண்விரயம் என்பது அதன் சாரம். ஆனால் கண்டித்தவர்கள் கணக்கிட்டது பணத்தை. அதனினும் பெரிய விரயம் ஒன்று அவர்கள் காலத்தில் கண்ணுக்கு எட்டாமல் இருந்தது. அதைச் சொல்ல, வாணம் பார்க்கும் இடத்தை விட்டு வாணம் செய்யும் இடத்துக்குப் போகவேண்டும்.

பழைய வாணங்களில் வெண்மையும் பொன்மையும் அன்றி வேறு நிறம் அருகியே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தோலே பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டுபிடித்தார். அடுத்த நூற்றாண்டில் அதன் வெப்பத்தில் உலோக உப்புகள் நிறம் காட்டத் தொடங்கின. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. பழைய கரிமருந்தைவிடப் புதிய கலவைகள் உராய்வுக்கு எளிதில் பற்றுபவை. நிறம் கூடியது, ஆபத்தும் கூடியது.

1923இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மழை குறைந்து விளைச்சல் பொய்த்த கரிசல் சீமைக்கு அது பிழைப்பாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அயல்நாட்டுப் பட்டாசின் வரவு நிற்கவும், 1940இல் வெடிபொருள் விதிகள் உரிமம் வழங்க வழி செய்யவும், அங்கே பட்டாசுத் தொழில் கால்கொண்டது. இன்று இந்தியாவில் வெடிக்கும் பட்டாசின் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில் செய்யப்படுவது. நாம் மணலில் அமர்ந்து அண்ணாந்து பார்க்கும் மலர்களும் சக்கரங்களும் அங்கே தாளாகவும் திரியாகவும் மருந்தாகவும் மாந்தர் கைகளில் இருந்து வந்தவை. அக்கைகளில் அலுமினியப் பொடியின் வெள்ளிப்பூச்சு எளிதில் போவதில்லை.

ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யக்கூடாது, அறைகளுக்கிடையே இவ்வளவு இடைவெளி வேண்டும், மருந்து கலப்பதற்குத் தனியிடம் வேண்டும் என்பன போன்ற விதிகள் உள்ளன. தீபாவளி நெருங்க நெருங்க அறையில் ஆட்கள் பெருகுவதும், மரத்தடியில் மருந்து காய்வதும், உரிமம் பெற்றவர் வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விடுவதும் விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்படுகின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் ஆலைத் தொழிலாளிகள் அல்லர். புகையைக் கண்டு உதவவும் பார்க்கவும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் அத்தகைய துயரம் நேர்ந்தது.

பார்க்க வந்தவர்களின் சாவு கேரளத்திலும் உண்டு. 2016 ஏப்ரல் 10ஆம் நாள் விடியற்காலையில், கொல்லம் மாவட்டத்துப் பரவூர்ப் புற்றிங்கல் கோயிலில், இரு தரப்பார் போட்டியாக நடத்திய வெடிக்கட்டின்போது, எரிந்து விழுந்த வாணம் ஒன்று மருந்துக் கிடங்கைப் பற்றிக்கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நாகூர் மணலில் நாங்கள் இருந்தது போலவே அவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள்.

2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பேரியம் சேர்ந்த பட்டாசுகளையும் சரவெடிகளையும் விலக்கி, புகை குறைந்த வகைகளை மட்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வெடிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. காற்றின் தூய்மையை நோக்கிய தீர்ப்பு அது; நகரத்துக் குழந்தைகளின் மூச்சுக்கு அது வேண்டியதே. பேரியம் போனால் பச்சை மங்கும் என்று பார்ப்பவர்கள் கவலைப்பட்டனர். சரவெடி போனால் கூலி போகும் என்று திரி பின்னும் பெண்கள் கவலைப்பட்டனர். மருந்து கலக்கும் கையைப் பற்றிய கேள்வி அந்த ஆரவாரத்தில் அதிகம் எழவில்லை.

சிவகாசி வட்டாரத்தில் கலவைக்கு இன்றும் மருந்து என்பதே பெயர். உருட்டி உலர்த்திய உருண்டைகளை மணிமருந்து என்கிறார்கள். வெயில் ஏறினால் சூட்டுக்கும் உராய்வுக்கும் அஞ்சவேண்டும் என்பதனால், விடிந்ததும் விடியாததுமாகக் கலவை வேலை தொடங்கிவிடுகிறது. காலில் செருப்பின்றி, மெல்ல, இரும்பு படாமல் சலித்துக் கலக்கிறார்கள்.